எட்டு மாதம் பீரோ மேல் கிடந்த கை

கரும்பு ஜூஸ் மெஷினில் சிக்கி என் வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. கொக்கி வைத்த செயற்கைக் கை வாங்கினேன். கொடுத்த இடத்தில் மாட்டிக் காட்டி, "போகப் போகப் பழகிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். முதல் நாளே காலையிலிருந்து ராத்திரி வரை போட்டிருந்ததில் தோல் புண்ணானது. அப்புறம் எட்டு மாதம் அந்தக் கை பீரோ மேல்தான்.

வேலூரில் ஆக்குபேஷனல் தெரபிக்கு, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சைக்குப் போன பிறகுதான் என் தப்பு புரிந்தது. ஆரம்பத்தில் அரை மணி நேரம் போட்டால் போதுமாம். கழற்றியதும் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு இருபது நிமிடத்தில் மறையாவிட்டால் மறுபடி மாட்டாமல் சாக்கெட்டை, அதாவது மீதிக் கை நுழையும் கூட்டைக் காட்டிச் சரிசெய்ய வேண்டும். மீதிக் கையை ராத்திரி கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். உள்ளே போடும் உறையைத் தினமும் துவைக்க வேண்டும். இதை யாராவது அன்றே சொல்லியிருக்கக் கூடாதா?

தோளை முன்னால் தள்ளினால் கேபிள் இழுத்துக் கொக்கி திறக்கும், தளர்த்தினால் ரப்பர் வளையம் மூடிவிடும். நான் உடம்பையே வளைத்துக்கொண்டிருந்தேன். பேப்பர் கப்பை நசுக்காமல் பிடிக்கவே மூன்று நாள் ஆனது. கொக்கிக்குச் சூடு தெரியாது, அதனால் அடுப்பருகே கண்ணை எடுக்கக் கூடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

இல்லாத விரல்கள் இறுக மூடி வலிப்பதாகச் சொன்னேன். கண்ணாடி வைத்து, இடது கையின் பிம்பத்தை வலது கையாகப் பார்த்தபடி விரல்களை மெல்ல விரிக்கச் சொன்னார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த முறையாம். எனக்கு வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் தூங்க முடிகிறது.

எனக்கு மனசு நிறைந்தது வேறொன்றில். "அண்ணா, கடையில என்னென்ன வேலை செய்வீங்க?" என்று தெரபிஸ்ட் முதல் நாளே கேட்டார். மளிகைக் கடை என்றதும் அடுத்த முறை பழைய பேப்பர், நூல், துவரம்பருப்பு எல்லாம் தயாராக இருந்தன. கவரின் வாயைக் கொக்கியில் பிடித்து, இடது கையால் பருப்பு கொட்டி, பொட்டலம் கட்டினேன். நூலை எந்தப் பக்கம் சுற்றினால் நழுவாது என்று அவரும் கூடவே கட்டிப் பார்த்தார்.

குறை என்றால், வார நாட்களில் மட்டும்தான் நேரம் தருகிறார்கள். கடையை மூடிவிட்டுத்தான் வர வேண்டும். காத்திருப்பும் அதிகம். செயற்கைக் கை வாங்கி மூலையில் போட்டிருப்பவர்கள் அதையும் எடுத்துக்கொண்டே தெரபிக்குப் போங்கள். என்னை அடுத்த முறை தராசைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் தெரபிஸ்ட்.