“0 டிகிரி தாங்கும், 750 கிராம்தான்”: மலிவு ஸ்லீப்பிங் பேக் வாங்குமுன் ஒரு கணக்கு

தைப்பூசப் பாதயாத்திரைக்காகக் கும்பகோணம் பக்கத்துக் குழு ஒன்று ஆன்லைனில் மொத்தமாக ஸ்லீப்பிங் பேக் (உள்ளே புகுந்து படுக்கும் பஞ்சுப் பை) வாங்கி நன்றாக ஏமாந்திருக்கிறது. பழநிக்கு நடப்பவர்கள், கோடிக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள், பச்சைமலையில் டென்ட் போடுகிறவர்கள் என்று இந்தப் பக்கம் பலரும் இதே மாதிரிப் பையைத்தான் தேடுகிறார்கள். அதனால் விவரமாகவே எழுதுகிறோம்.

விளம்பரத்தில் இருந்தது இது: 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் பஞ்சு) ஃபில்லிங், 0 டிகிரி, வாட்டர்ப்ரூஃப், எடை 750 கிராம். விலை ஆயிரத்துக்குள். வந்த பையை மளிகைக்கடைத் தராசில் வைத்தால் 740 கிராம். எடையில் பொய் இல்லை. ஆனால் அந்த எடையே மற்றதெல்லாம் பொய் என்று காட்டிக்கொடுக்கிறது.

பையின் அளவு 220க்கு 75 செ.மீ. மேல்பக்கம், அடிப்பக்கம் சேர்த்து 3.3 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 200 கிராம் என்றால் பஞ்சு மட்டுமே 660 கிராம் இருக்க வேண்டும். வெளித்துணியும் உள்துணியுமாக 6.6 சதுர மீட்டர் துணி. மெல்லிய பாலியஸ்டர் துணியைச் சதுர மீட்டருக்கு 60 கிராம் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 400 கிராம். ஜிப், நாடா, உறை எல்லாம் சேர்த்து ஒரு 100. ஆக, சொன்னபடி செய்த பை 1,150 கிராமுக்குக் குறைய வழியே இல்லை. 740-இல் துணியையும் ஜிப்பையும் கழித்தால் பஞ்சுக்கு மிஞ்சுவது 240 கிராம், அதாவது 75 ஜிஎஸ்எம்கூட இல்லை. ஆர்டர் போடும் முன்பே, விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கும் அளவையும் எடையையும் வைத்து இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். கால் பக்கம் குறுகும் மம்மி வகையில் பரப்பு குறைவு, அதற்கேற்பக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பையின் கால்பக்கத் தையலைப் பிரித்ததில் மீதியும் தெரிந்தது. உள்ளே ஒற்றை அடுக்குப் பாலியஸ்டர் பஞ்சு. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் தெரிகிறது. விளிம்பில் மட்டும்தான் தைத்திருக்கிறார்கள், நடுவில் குறுக்குத்தையல் ஒன்றுகூட இல்லை. இப்படிப்பட்ட பையை ஒருமுறை துவைத்தால் போதும், பஞ்சு உருண்டு காலடியில் சேர்ந்துவிடும், நெஞ்சுப் பக்கம் வெறும் துணிதான். ஜிப் ஓரத்தில் கெட்டி நாடாவும் இல்லை. அவசரமாக இழுத்தால் துணி ஜிப்பில் மாட்டிக் கிழியும்.

“0 டிகிரி” என்பதற்கும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: எந்த 0? ஐஎஸ்ஓ 23537 தரப்படி சோதித்த பையில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என மூன்று எண்கள் இருக்கும். கம்ஃபர்ட் என்பதுதான் நிம்மதியாகத் தூங்கக்கூடிய அளவு. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்புவதற்கான கணக்கு. அந்தக் குளிரில் உடல் விறைத்துப்போகும் ஆபத்து உண்டு. மலிவுப் பைகளில் ஒற்றை எண்தான் இருக்கும். அது எக்ஸ்ட்ரீமாக இருக்கலாம், அச்சடித்தவர் மனதில் தோன்றியதாகவும் இருக்கலாம்.

உண்மையில் டெல்டாவுக்கு 0 டிகிரி தேவையே இல்லை. மார்கழி, தை இரவிலும் இங்கே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மணப்பாறை, ஒட்டன்சத்திரம் பக்கம் போனால் இன்னும் கொஞ்சம் இறங்கும். 100 ஜிஎஸ்எம், முழுக்கத் திறந்து போர்வையாக விரிக்கக்கூடிய செவ்வகப் பை போதும். கொல்லிமலை, பச்சைமலைக்கு 150. டிசம்பரில் கொடைக்கானல் என்றால் கம்ஃபர்ட் 5 டிகிரி என்று தெளிவாகப் போட்ட பையைத் தேடுங்கள், அது இந்த விலையில் கிடைக்காது. இறகு வைத்த டவுன் பை எடை குறைவுதான், ஆனால் ஈரம் பட்டால் அமுங்கிச் சூடு போய்விடும். நம் ஊர்ப் பனிக்கும் ஈரக்காற்றுக்கும் பாலியஸ்டரே சரி.

இங்கே குளிரைவிடத் தொல்லை ஈரம்தான். “வாட்டர்ப்ரூஃப்” பையில் தண்ணீர் தையல் ஓட்டை வழியே எப்படியும் இறங்கும். உள்ளே பூசிய பிளாஸ்டிக் பூச்சோ வியர்வையை வெளியே விடாது. விடியும்போது பை உள்பக்கமிருந்தே நனைந்திருக்கும். துணியில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள், காற்று கொஞ்சமும் போகவில்லை என்றால் அந்தப் பை வேண்டாம். தரை ஈரத்துக்குக் கோரைப்பாய் மட்டும் போதாது. கீழே தார்ப்பாய், அதன்மேல் 8 அல்லது 10 மி.மீ. ஃபோம் மேட். உடம்புக்கு அடியில் பஞ்சு நசுங்கிவிடுவதால், அடிக்குளிரைத் தடுப்பது மேட்தான்.

திருப்பி அனுப்பக் கேட்டபோது விற்றவர் தந்த பதில், “டேக்கை அறுத்துட்டீங்க, எடுக்க மாட்டோம்.” பிறகு பைக்கு நூறு ரூபாய் தருகிறேன், ஐந்து ஸ்டார் போடுங்கள் என்று பேரம். இடையில் விற்பனைப் பக்கத்தில் “200 ஜிஎஸ்எம்” காணாமல் போய் “சாஃப்ட் ஃபில்லிங்” ஆகிவிட்டது! ஆர்டர் போடும் அன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான். பிரிக்கும்போது வீடியோ, தராசில் வைத்து ஒரு படம், லேபிள் படம் மூன்றும் வேண்டும். லேபிளில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, மாதம்-வருடம், எம்ஆர்பி, இறக்குமதி என்றால் எந்த நாட்டுப் பொருள் என்பது இல்லாவிட்டால் அதுவே தனிப் புகார்.

முதலில் விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. விற்றவர் டெல்லியில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கும்பகோணத்துக்காரர்களுக்கு அது தஞ்சாவூர்.