பிரெஞ்சு அலங்காரக் கடிகாரம்: பட்டு நூலா, புரோக்கோ ஸ்பிரிங்கா?

1840-க்கு முந்தைய பாரிஸ் கடிகாரங்களில் ஊசல் பெரும்பாலும் பட்டு நூல் வளையத்தில் தொங்கும். நூலைச் சுற்றிக் குறுக்கினால் ஓட்டம் வேகமாகும், தளர்த்தினால் மெதுவாகும். காற்றில் ஈரம் மாறினால் நூல் நீளமும் மாறி நேரம் தவறும். அறுந்தால் கவலையில்லை: மெல்லிய பட்டு நூலைக் கோத்து முடிச்சிட்டால் போதும்.

பாரிஸ் கடிகாரத் தயாரிப்பாளர் அஷீல் புரோக்கோவின் அமைப்பில் நூலுக்குப் பதில் மெல்லிய எஃகு ஸ்பிரிங். டயலில் 12-க்கு அருகே உள்ள சிறு துளையில் சாவியின் குறுகிய முனையைச் செருகித் திருப்பினால் ஊசலின் செயல்நீளம் (ஆடும் பகுதியின் நீளம்) மாறும். பின்பக்கம் திறக்க வேண்டாம். நேரம் காப்பதில் இதுவே மேல். ஆனால் ஊசலைக் கழற்றாமல் கடிகாரத்தைத் தூக்கினால் ஸ்பிரிங் வளையும். பிறகு ஊசல் தள்ளாடி நின்றுவிடும். மாற்று ஸ்பிரிங் அளவு பழையதோடு பொருந்த வேண்டும்.

நூல் கடிகாரத்தைப் புரோக்கோவுக்கு மாற்றித் தருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். டயலில் புதுத் துளை விழும், விலையும் இறங்கும்.