ஆயில் அளவு பார்க்க டிப்ஸ்டிக்கா, டிஸ்ப்ளேவா?

மூன்று ஆண்டுகளுக்கு முன், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்குவதென்று நானும் என் மச்சானும் தேடி அலைந்து, கடைசியில் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம். சோமனூரிலிருக்கும் எனக்கு 2.0 டிஎஃப்எஸ்ஐ என்ற டர்போ பெட்ரோல் எஞ்சினுள்ள ஆடி டிடி. பொள்ளாச்சியிலிருக்கும் அவருக்கு இ89 தலைமுறை பிஎம்டபிள்யூ இசட்4 35ஐ. வேகத்தையும் சொகுசையும் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். டிடியில் ஆயில் அளவு பார்க்க டிப்ஸ்டிக், அதாவது எஞ்சினுக்குள் செருகி உருவிப் பார்க்கும் குச்சி, இருக்கிறது, இசட்4-இல் அது கிடையவே கிடையாது, சென்சார் அளந்து திரையில்தான் காட்டும் என்ற ஒரே வேறுபாடு எனக்கு எவ்வளவு முக்கியமாகிப் போனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இசட்4-இன் வசதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கை அழுக்காவதில்லை, பானெட்டைத் திறக்க வேண்டியதில்லை. ஓடும்போதே சென்சார் பலமுறை அளந்து சராசரி எடுப்பதால், பெருந்துறை வரை நெடுஞ்சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்தபின் திரையில் தெரியும் அளவு, அவசரக்காரர் ஒருவர் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்துச் சொல்லும் அளவைவிட நம்பகமானது. டிப்ஸ்டிக்கைச் சரியாகப் பார்க்கத் தெரியாதவருக்கு டிஸ்ப்ளேவே மேல்.

சரியாகப் பார்ப்பதென்பது எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் சமதளத்தில் நிறுத்தி, அணைத்து, மேலே ஏறிய ஆயில் எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்புக்குத் திரும்ப ஐந்து நிமிடமாவது விட்டு, ஒருமுறை உருவித் துடைத்து, அடிவரை செருகி, மறுபடி உருவிப் பார்ப்பது. குச்சியின் இரு பக்கங்களிலும் ஆயில் தடம் வெவ்வேறு உயரத்தில் தெரிந்தால் தாழ்ந்ததே கணக்கு. உயர்ந்தது குழாயின் சுவரில் உரசி ஒட்டியது. துடைக்க நூல் வேஸ்ட் வேண்டாம், இழை ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். திருப்பூர் பனியன் வேஸ்டில் தையல் இல்லாத வெள்ளைத் துண்டாகப் பார்த்து வைத்துக்கொண்டால் ஆயிலின் நிறமும் அதில் தெளிவாகத் தெரியும்.

இதில் என்னை நெடுநாள் ஏமாற்றியது சமதளம் என்ற சொல். என் வீட்டுப் போர்டிகோ பார்வைக்குச் சமமாகத்தான் இருந்தது. ஆனால் காரை முகம் உள்ளே இருக்கும்படி நிறுத்தினால் ஓர் அளவும், திருப்பி நிறுத்தினால் வேறோர் அளவும் காட்டியது. குச்சியிலுள்ள மேல்குறி, கீழ்க்குறி இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில் கால் பங்கு வித்தியாசம். கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கிப் பிடித்துப் பார்த்தபோது, மழைத்தண்ணீர் வெளியே ஓடுவதற்காகப் பதினாறு அடிக்கு மூன்று அங்குலம் சரிவு கொடுத்திருந்தது தெரிந்தது. பெட்ரோல் பங்க் தளமும் இப்படிச் சரிவு கொடுத்துப் போடுவதுதான். இப்போது எங்கள் பழைய தறிக்குடோனுக்குள் விட்டுப் பார்க்கிறேன்; தறி நிறுத்த மட்டம் பிடித்துப் போட்ட தளம், எப்படி நிறுத்தினாலும் ஒரே அளவு.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், டிடியின் எஞ்சின் குடும்பத்தில் முதல் சில ஆண்டுகளில் வந்தவை பிஸ்டன் ரிங் அமைப்பால் ஆயில் குடிப்பவை என்று பெயர் வாங்கியவை. 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை செலவாகலாம் என்று ஆடியின் கையேடே சொல்கிறது. குறைந்த ஆயிலோடு ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை வேகமாக ஏறினால், வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப்பின் உறிஞ்சுகுழல் காற்றை இழுக்க வாய்ப்பிருக்கிறது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். நான் அங்கே ஓட்டியது ஒரே ஒரு நாள்தான் என்பதால் அதற்குமேல் பேசவில்லை.

ஆனால் டிப்ஸ்டிக்கின் பக்கம் என்னை முழுதாகச் சாய்த்தது குறைவல்ல, மிகுதி. கோவையில் ஒரு வொர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றிய அன்று, "அஞ்சு லிட்டர் கேன் முழுசும் ஊத்தியாச்சுங்ணா, இனி கவலையே இல்லீங்" என்று காலிக் கேனைக் கவிழ்த்துக் காட்டினார் மெக்கானிக் தம்பி. ஃபில்டரையும் சேர்த்தே இந்த எஞ்சினின் கொள்ளளவு 4.6 லிட்டர். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, காத்திருந்து உருவினேன். மேல்குறிக்கு மேலே ஒரு விரற்கடை பளபளத்தது. கூடுதல் ஆயிலை, சுழலும் கிராங்க் தண்டு அடித்து நுரையாக்கும். நுரையில் அழுத்தம் நிற்காது. மிச்சம் எஞ்சினின் மூச்சுக்குழாய் வழியே, காற்று உள்ளே போகும் இன்டேக்கில் போய்ப் படியும். டிப்ஸ்டிக் குழாய் வழியாகவே உறிஞ்சி எடுக்கச் சொல்லி, அளவு இறங்கியபிறகே பில்லைக் கட்டினேன்.

அதே வாரம் மச்சானுக்கும் ஆயில் மாற்றினார்கள். இசட்4-இன் சென்சார், எஞ்சின் இயக்கச் சூட்டுக்கு வந்து, கார் சற்றுத் தூரம் ஓடியபிறகுதான் அளவைச் சொல்லும்; அதுவரை ஊற்றியவர் வாய்ச்சொல்லை நம்பியாக வேண்டும். அவர் நம்பிக் கிளம்பி, அளவு கூடுதல் என்ற செய்தியைக் கிணத்துக்கடவுக்கு அருகே சாலையோரம் நிறுத்தித் திரையில் படித்தார். சென்சார் பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை, அவ்வளவுதான். தவிர, ஆயிலில் பெட்ரோல் வாடை அடிக்கிறதா, கூலண்ட் கலந்து பால்போல் வெளுத்திருக்கிறதா என்பதைத் திரை காட்டாது.

டிடியிலும் மஞ்சள் நிறத்தில் ஆயில் அளவு எச்சரிக்கை ஒன்று உண்டு. அதை நான் இதுவரை எரியவிட்டதில்லை. சிவப்பு எரிந்தால் அது அளவைக் குறிப்பதல்ல, அழுத்தத்தைக் குறிப்பது. அந்த நொடியே எஞ்சினை அணைக்க வேண்டும். மச்சானோ இப்போது ஆயில் மாற்றும் நாளில் பில் கட்டுவதற்கு முன் வொர்க்‌ஷாப்பைச் சுற்றி அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறார்.