கரண்ட் கட்டும் கொழும்பு கலர் லைட்டும்: இந்த முறை ஊரில் கண்டது

2025 பெப்ரவரி 9, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டுப்பட்டு முழு இலங்கைக்கும் மின்சாரம் போனபோது நான் ரொறன்ரோவில் இருந்து வந்து வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டில் நின்றேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, காலி வீதியில் அவ்வளவு நெரிசல் இல்லை. கஷ்டம் அடுத்த நாள்தான் தொடங்கியது. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோனதால், 900 மெகாவாட் போய், இடம் இடமாக ஒன்றரை மணி நேரம் வெட்டினார்கள், அதுவும் சனம் வேலை முடிந்து வீடு போகிற பின்னேரத்தில்.

ஒரு சந்தியில் கலர் லைட் (போக்குவரத்து சிக்னல்) பற்றரியில் ஒழுங்காக எரிந்தது, அடுத்த சந்தியில் செத்துக் கிடந்தது. பஸ் மூக்கை நீட்ட, ஓட்டோ இடையில் புக, ஒரு பொலிஸ்காரர் விசிலோடு நடுவில் நின்று தனியாகச் சமாளித்தார். ஊன்றுகோலோடு கடக்க நின்ற பெரியம்மா "விடு தம்பி, நாளைக்குப் போவம்" என்று திரும்பிவிட்டார். எனக்கு அதுதான் தாங்கமுடியவில்லை.

மறுநாள் அந்தச் சந்தியில் கலர் லைட்டின் பற்றரிப் பெட்டியைத் திறந்து வேலை செய்த தமிழ்ப் பெடியனிடம் கேட்டேன். பற்றரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்குத் தட்டியிருந்தது. "லைட் எரியுமட்டும் ஒருத்தரும் பெட்டியைத் திறக்கிறேல்லை அண்ணை" என்றான். சார்ஜரில் இருக்கும்போது மீற்றர் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும், நல்ல பற்றரி என்றுதான் நினைப்போம், மெயின் கரண்டை நிறுத்தி லைட்டை அதில் ஓடவிட்டால் கொஞ்ச நிமிடத்திலேயே விழுந்துவிடும். அதனால் நிறுத்தித்தான் சோதிக்க வேண்டும். வெயிலில் கொதிக்கும் இரும்புப் பெட்டி வேறு. வெப்பம் 25 பாகை செல்சியசுக்கு மேல் போகும் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஈய அமில பற்றரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும், குளிர்நாட்டுக் கணக்கை வைத்துக்கொண்டு இங்கே மாற்றினால் பிந்திவிடும்.

பற்றரிக்குச் செலவு பெரிது என்று சொல்லவும் முடியாது. முந்தைய குண்டு பல்ப் ஒன்றே நூறு வாட்டுக்கு மேல் இழுக்கும், எல்இடி பத்துப் பதினைந்து வாட்தான். முழுச் சந்திக்கும் 300 வாட் என்று தாராளமாக வைத்தாலும், 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பற்றரி நான்கில் பாதியை மட்டும் பாவித்தால்கூட எட்டு மணி நேரம் தாங்கும். சார்ஜ் இறங்கும்போது சிவப்பு மட்டும் விட்டுவிட்டு எரிகிற மாதிரி வைத்தால் இன்னும் நீளும்.

ஒன்ராறியோவில் லைட் செத்தால் நாலு பக்கமும் நின்று, முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்று விதியே இருக்கிறது. 2003 ஓகஸ்ட் 14 பெரிய மின்தடையில், பல சந்திகளில் சாதாரண சனமே நடுவில் இறங்கி வாகனங்களை ஒழுங்குபடுத்தினார்கள். காலி வீதியில் பின்னேரம் ஆர் ஆருக்கு நிற்பது? இங்கேதான் பற்றரி இன்னும் அவசியம்.

கொழும்பில் இருக்கிறவர்கள், கரண்ட் போன நேரம் உங்கள் சந்தியில் லைட் எத்தனை நிமிடம் நின்றது என்று குறித்து மாநகர சபை உறுப்பினரிடம் கொடுங்கள். அந்தப் பெடியனிடம் அப்படி ஒரு பட்டியல் இல்லை. பற்றரி எந்த ஆண்டு போட்டது என்பதைக்கூட அவன்தான் பெட்டிக் கதவின் உட்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறான்.