நாக்கில் வைக்கும் நரம்புத் தூண்டல் கருவி: பிசியோதெரபி இல்லாமல் விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்

"நாக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், நடை தானாகச் சரியாகிவிடும், பிசியோதெரபிக்கு அலையவே வேண்டாம்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். என் அக்காவுக்கு மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ், மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளைப் பாதிக்கும் நோய். நடையில் தள்ளாட்டம், திரும்பும்போது சுவரைப் பிடித்தாக வேண்டும், மாலையானால் வலது கால் இழுக்க ஆரம்பித்துவிடும். இதையெல்லாம் சரிசெய்கிறோம் என்று சொல்லி ஒரு மறுவாழ்வு மையம் அத்தானிடம் முழுத் தொகையையும் முன்னாடியே வாங்கிக்கொண்டது. பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

நாக்கு வழியாக நரம்பைத் தூண்டும் சிகிச்சையே டுபாக்கூர் என்று நான் சொல்லவில்லை. பான்ஸ் என்ற கருவி நிஜமாகவே இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து வந்தது. நாக்கின் மேல் லேசான மின் துடிப்பைக் கொடுத்தால் அது முகத்துக்கும் நாக்குக்கும் உணர்வு தரும் டிரைஜெமினல் நரம்பு, முக நரம்பு இரண்டின் கிளைகள் வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறது, நடைக்கும் சமநிலைக்கும் வேண்டிய சில மையங்கள் அங்கே பக்கத்திலேயே இருக்கின்றன, அந்த நேரத்தில் பயிற்சியும் செய்தால் மூளை புதுத் தடத்தைப் பழகிக்கொள்ளும் என்பதுதான் கணக்கு. 2021 மார்ச்சில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. ஆனால் எதற்கு என்று பாருங்கள்: மல்டிபிள் ஸ்கிலிரோசிஸில் லேசான அல்லது நடுத்தர அறிகுறி உள்ளவர்களின் நடைக் குறைபாட்டுக்கு, 22 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, குறுகிய காலத்துக்கு, மருத்துவர் சீட்டோடு, அதுவும் மேற்பார்வையில் நடக்கும் உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டும். மொத்தம் 14 வாரம். முதல் இரண்டு வாரம் தெரபிஸ்ட் முன்னாலேயே பயிற்சி, மிச்சம் 12 வாரம் வீட்டில் செய்துவிட்டு வாரம் ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். கருவி வாயில் இருக்கும்போதே நடக்க வேண்டும், ஒரு காலில் நிற்கப் பழக வேண்டும். கஷ்டமான வேலை அது.

2014-ல் வெளிவந்த முன்னோடி ஆய்வில் 20 பேர்தான். பாதிப் பேருக்கு நிஜக் கருவி, பாதிப் பேருக்கு வேலை செய்யாத போலிக் கருவி, எல்லாருக்கும் ஒரே பயிற்சி. 24 புள்ளிக்கு மதிப்பிடும் நடைச் சோதனையில் நிஜக் கருவி வைத்தவர்கள் சுமார் 8 புள்ளி ஏறினார்கள். போலி வைத்தவர்களும் சுமார் மூன்றரை ஏறினார்கள்! அதாவது வெறும் பயிற்சிக்கே பலன் இருக்கிறது. தலையில் லேசாக அடிபட்டுத் தள்ளாட்டம் வந்தவர்களுக்காக இதே கருவிக்கு அனுமதி கேட்டபோது 2019-ல் எஃப்.டி.ஏ. மறுத்துவிட்டது, வந்த முன்னேற்றம் கருவியாலா பயிற்சியாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை என்பதால். இப்படிப்பட்ட கருவியிலிருந்து பயிற்சியை உருவிவிட்டு விற்றால் மிச்சம் என்ன இருக்கும்?

மையத்தில் நடந்ததற்கு வருகிறேன். சாய்வு நாற்காலியில் அக்காவை உட்காரவைத்து, வாயில் கருவியை வைத்து, டிவியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இருபது நிமிடம் கழித்து வந்து எடுப்பது வரவேற்பில் உட்காரும் பையன். தெரபிஸ்ட் எங்கே என்றால் "இன்னைக்கு லீவு மேடம்". கடைசிவரை அவர் லீவுதான். பேஸ்மேக்கர் இருக்கிறதா, வலிப்பு வந்திருக்கிறதா, வாயில் புண் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கிடையாது. கருவியும் பான்ஸ் இல்லை. "அதே டெக்னாலஜி" என்றார்கள், பெட்டியில் தயாரித்தவர் பெயர்கூட இல்லை. வாயில் வைக்கும் பாகம் ஒருவருக்கு மட்டும் உரியது, அக்காவுக்குப் புதிதாகப் பிரித்துக் கொடுத்ததாகச் சொன்னார்கள். நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் பல் பதிந்த தடம், இரண்டு பக்கமும். அக்கா அதை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கையில் வாங்குகிறாள். சுத்தம் செய்துதான் கொடுக்கிறோம் என்றான் அந்தப் பையன், கூச்சமே இல்லாமல்.

அடுத்தது வீடியோ. இதைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இந்த வியாபாரமே 'முன்', 'பின்' வீடியோக்களில்தான் ஓடுகிறது. அக்காவின் 'முன்' வீடியோவை எடுத்தது முதல் நாள் மதியம், வெயிலில் வந்து மாடிப்படி ஏறிய களைப்போடு, வழுக்கும் தரையில் வெறுங்காலோடு. 'பின்' வீடியோ காலையில், ஏசி அறையில், ஷூ போட்டுக்கொண்டு. இந்த நோயில் உடல் சூடு கொஞ்சம் ஏறினாலே அறிகுறிகள் மோசமாகும், குளிர்ந்தால் பழையபடி ஆகும், அதற்கு ஊட்டாஃப் விளைவு என்றே பெயர். நரம்பு மருத்துவம் படித்த யாருக்கும் இது தெரியாமல் இருக்காது. அதோடு நிற்கவில்லை. இரண்டு வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதலாவதில் அக்கா நாற்காலியிலிருந்து எழ ஆரம்பிக்கும்போதே கடிகாரம் ஓடுகிறது, இரண்டாவதில் அவள் ஏற்கெனவே நடந்து வந்துகொண்டிருக்கும்போது பாதியில் தொடங்குகிறது. ஒரே தூரம், "நேரம் பாதியாகக் குறைந்தது" என்று பெரிய எழுத்தில் தலைப்பு. குறையாமல் என்ன செய்யும்?

அப்புறம் சுவரில் ஒட்டியிருந்த செய்தி நறுக்கு. பக்கவாதத்துக்கு வேகஸ் நரம்புத் தூண்டலை (மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் நரம்பு அது) 2021-ல் எஃப்.டி.ஏ. அனுமதித்தது என்று. உண்மைதான். ஆனால் அது மார்பில் அறுவை செய்து உள்ளே வைக்கும் கருவி, கை அசைவுக்கானது, அதுவும் பயிற்சியோடுதான். இவர்கள் அந்தச் செய்தியைக் காட்டி விற்பது காதில் மாட்டும் ஒரு கிளிப்பை. பக்கவாதம் வந்து துணையோடு வந்த ஒரு பெரியவரிடம் அதை விளக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் மகன் எதையும் கேட்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவரை வெளியே பிடித்து நான் விஷயத்தைச் சொன்னேன், நம்பினாரா தெரியவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முதலில் "பலன் தெரிய ஆறு மாதம் ஆகும்", பிறகு "மேடம் ஒத்துழைக்கவில்லை", கடைசியில் அத்தான் கையெழுத்துப் போட்ட படிவத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரி: முன்பணம் திரும்பத் தரப்படாது. அதே படிவத்தில் வீடியோவைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையும் இருக்கிறது. அதனால் கையெழுத்துக்கு முன்னால் படிவத்தின் நகலை வீட்டுக்கு எடுத்துப் போங்கள், தர மறுத்தால் அதுவே பதில். கருவியின் பெயர், எந்த நோய்க்கு அனுமதி, பயிற்சி கொடுப்பவரின் பதிவு எண், இதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் நரம்பு மருத்துவரிடம் காட்டாமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

அக்கா இப்போது ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போகிறாள், கருவி எதுவும் இல்லை. திரும்பும்போது சுவரைத் தேடுவது குறைந்திருக்கிறது. அந்த வீடியோ மட்டும் இன்னும் விளம்பரத்தில் ஓடுகிறது, எடுக்கச் சொல்லி எழுதியதற்குப் பதில் இல்லை. ஷூ போட்ட ஒரு பெண் ஏசி அறையில் நடந்துவருவதைக் காட்டி "நேரம் பாதியாகக் குறைந்தது" என்று உங்களுக்கு யாராவது அனுப்பினால், அது என் அக்காதான், அந்த மையம்தான்.