26 நாள் முன்னால் கிடைத்த சூட்: உள்ளே தாராளம், மேலே நாற்காலி

அறைக்கு ஐந்துக்கு நாலு. அதைப் பிடித்துக் கொடுத்த ஏஜென்டுக்கு நாலரை. அவரிடம் போவதற்கு முன் பத்து நாள் நான் குடைந்துகொண்டிருந்த புக்கிங் தளத்துக்கு ஒன்றரை, அதுவும் படங்கள் சீக்கிரம் திறந்ததற்காக. கப்பலுக்கு மதிப்பெண் போடப் போவதில்லை. சாப்பாடு, ஷோ, நீச்சல்குளம் பற்றியெல்லாம் எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். இது கடைசி நேரத்தில் ஒரு சூட் (கப்பலில் பெரிய, வசதி கூடிய அறை) கிடைத்த கதையும், அந்த அறைக்குள் 13 இரவு இருந்த கதையும்.

நாங்கள் மூன்று பேர். அம்மா, அக்கா, நான். அம்மாவுக்கு 71 வயது, இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. ஏப்ரலில் ஃப்ளோரிடாவில் கிளம்பி, அட்லாண்டிக்கைக் கடந்து, ஸ்பெயினில் இறங்கும் பயணம். குளிர்காலம் முழுக்கக் கரீபியனில் ஓடும் கப்பல்களில் பல கோடைக்கு ஐரோப்பா போயாக வேண்டும். சும்மா போவானேன் என்று ஆளை ஏற்றிக்கொண்டு போகின்றன. அக்டோபர், நவம்பரில் திரும்பி வரும்போதும் அப்படித்தான். ஒரு வழிப் பயணம், துறைமுகங்கள் குறைவு, எனவே ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பார்த்தால் மலிவு. ஆனால் தொடர்ந்து ஏழு நாள் கரை கண்ணில் படாது. தினம் ஓர் ஊரில் நிற்கும் கப்பலில் அறை என்பது தூங்கவும் துணி மாற்றவும்தான். ஏழு நாள் வெறும் கடல் என்றால் அறைதான் வீடு. மூன்று பேரும் ஒரு சின்ன கேபினில் அடைந்து கிடந்தால் நாலாம் நாள் யாரும் யாரோடும் பேச மாட்டோம் என்று அக்கா முதலிலேயே சொல்லிவிட்டாள்.

தேட ஆரம்பித்ததும் புரிந்த முதல் விஷயம், ‘சூட்’ என்ற சொல்லை நம்பக் கூடாது. ஒரு நிறுவனம் ‘ஜூனியர் சூட்’, ‘மினி சூட்’ என்பது பல சமயம் கொஞ்சம் நீளமான பால்கனி அறை, கூடவே ஒரு சோபா. சூட் பயணிகளுக்கு என்று இருக்கும் தனி உணவகம், தனி வரிசை எல்லாம் அதில் சேராமல் போகலாம். அந்தப் பக்கம் போனால் குவீன் மேரி 2 கப்பலில் இரண்டு மாடி சூட் இருக்கிறது. 2024-ல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் மூன்று மாடி, உள்ளேயே சறுக்குமரம். நார்வீஜியன் நிறுவனத்தின் ஹேவன், எம்எஸ்சி-யின் யாட் கிளப் மாதிரி கப்பலுக்குள்ளேயே சாவி போட்டுப் பூட்டிய இன்னொரு கப்பல் என்று ஒரு வகை. ரீஜென்ட் நிறுவனத்தின் கப்பல்களில் எல்லா அறையுமே சூட்தான், அங்கே அந்தச் சொல்லுக்குத் தனி அர்த்தமே இல்லை. இத்தனையும் அந்தத் தளத்தில் ‘சூட்’ என்ற ஒரே பெட்டியில் டிக் அடித்தால் கலந்து வந்து விழும். அதற்குத்தான் ஒன்றரை.

அடுத்தது விலை எப்போது இறங்கும் என்பது. முழுப் பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் கிளம்புவதற்கு 90 நாள் முன்னால் இருக்கும், நீண்ட பயணமென்றால் இன்னும் முன்னதாகவும் இருக்கும். அதற்குப் பிறகு ரத்து செய்தால் பணம் பிடிப்பார்கள் என்பதால், போகலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்தவர்கள் அந்தத் தேதிக்குச் சற்று முன் ரத்து செய்கிறார்கள். அந்த அறைகள் பட்டியலுக்குத் திரும்பி வரும். மலிவாக நல்ல சூட் வேண்டுமென்றால் உண்மையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியது அந்த ஒன்றிரண்டு வாரங்களைத்தான். ‘கடைசி நேரம்’ என்று நாம் நினைப்பது கிளம்புவதற்கு முந்தைய மாதம். அப்போது வெளி ஆளுக்கு மிஞ்சுவது கம்மி. ஒரு கப்பலில் சூட்களே சில டஜன்தான் இருக்கும், அதில் ஒன்று காலியானால் நிறுவனம் ஏற்கெனவே பால்கனி அறை வாங்கியிருப்பவர்களைத்தான் முதலில் கூப்பிடும். ‘இன்னும் இவ்வளவு கொடுங்கள், மாற்றித் தருகிறோம்’ என்று. அல்லது ஏலம் விடும்.

ஏலத்தில் நாங்களும் ஒரு கை பார்த்தோம். இதே கப்பலில் முதலில் ஒரு பால்கனி அறை போட்டு வைத்திருந்தோம். ஒரு மின்னஞ்சல் வந்தது, உள்ளே போனால் தொகையைக் கூட்டிக் குறைக்க ஒரு முள், இந்தப் பக்கம் நகர்த்தினால் ‘வாய்ப்பு குறைவு’, அந்தப் பக்கம் நகர்த்தினால் ‘வாய்ப்பு அதிகம்’. கேட்கும் தொகை தலைக்கு இவ்வளவு என்று இருக்கும், அறைக்கு என்று நினைத்துக் கை வைத்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஏற்றுக்கொண்டுவிட்டால் பணம் திரும்பாது, எந்த அறை என்று நாம் சொல்லவும் முடியாது. அக்கா முள்ளை நடுவில் நிறுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை.

இதற்குள் எனக்குப் புரியாத ஒரு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் என்று போட்டுத் தேடினால் இரண்டு மூன்று சூட் வரும். மூன்று பேர் என்று மாற்றியதும் பட்டியல் காலி. அறைப் படத்தில் சோபா கட்டில் பளிச்சென்று தெரிகிறது, நாலு பேர் தங்கலாம் என்று எழுதியும் இருக்கிறது, ஆனாலும் இல்லை. தளத்தின் உதவி எண்ணில் இரண்டு முறை பேசினேன். இரண்டு முறையும் ‘சிஸ்டம் அப்படித்தான் காட்டுகிறது’ என்றார்கள்.

ஏஜென்ட் ஒரே நிமிடத்தில் சொன்னார். “சார், கட்டில் கணக்கு இல்லை, படகுக் கணக்கு. கப்பலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய இடமும் உயிர்காப்புப் படகும் ஒதுக்கியிருக்கும். அந்தப் படகின் எண்ணிக்கை நிறைந்துவிட்டால் உங்கள் அறையில் பத்து கட்டில் இருந்தாலும் மூன்றாவது ஆளைச் சேர்க்க மாட்டார்கள்.” அப்புறம் அவரே, “அந்தப் பக்கம் யாராவது நாலு பேராக ரத்து செய்தால் திறக்கும். தினம் காலையிலும் ராத்திரியிலும் பார்க்கிறேன்” என்றார். அந்த நாலரை மதிப்பெண்ணில் மூன்று இந்தப் பேச்சுக்கே.

ஆறாம் நாள் ராத்திரி பத்தே முக்காலுக்குப் போன் வந்தது. கிளம்ப 26 நாள். முன்பக்கம் வலப்புறத்தில் ஒரு சூட், மூன்று பேருக்குத் திறந்திருக்கிறது. இவ்வளவு நெருக்கத்தில் பிடித்து வைக்க முடியாது, முழுப் பணமும் இப்போதே. பால்கனி அறைக்குக் கட்டியிருந்ததைப் போல ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கூட. ஜனவரியில் இதே வகை அறைக்கு மூன்று மடங்கு கேட்டிருந்தார்கள். “டெக் பிளான் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், நான் லைனிலேயே இருக்கிறேன்” என்றார்.

ஒவ்வொரு தளத்திலும் எது எங்கே என்று காட்டும் அந்தப் படத்தைப் பார்த்தேன். பக்கத்தில் லிஃப்ட் இல்லை, நல்லது. கீழே தியேட்டர் இல்லை, கீழேயும் அறைகள்தான். மேல் தளத்தின் படத்தைத் திறந்தேன். எங்கள் அறைக்கு மேலே வெள்ளையாக ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தது. சமையலறை இல்லை, டான்ஸ் ஹால் இல்லை, ஒன்றுமே இல்லை என்று சந்தோஷமாக “சரி, போடுங்கள்” என்றேன். வெள்ளை என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை, திறந்த தளம் என்று அர்த்தம். திறந்த தளத்தில் என்ன இருக்கும்? சாய்வு நாற்காலி இருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன். இது என் தப்புதான், ஏஜென்ட் மேல் அதில் பாதிதான்.

அறை. அறிவிப்பில் 506 சதுர அடி என்று போட்டிருந்தது. அக்கா கையோடு அளவு டேப் கொண்டுவந்திருந்தாள் (அவள் அப்படித்தான்). பால்கனி மட்டும் 118. ஆக உள்ளே 388. சில நிறுவனங்கள் பால்கனியைத் தனியாகச் சொல்கின்றன, சில சேர்த்துச் சொல்கின்றன. இரண்டு கப்பலை ஒப்பிடும்போது இதைக் கேட்காமல் விடாதீர்கள். இருந்தாலும் 388 என்பது கப்பலில் பெரிய இடம். சாதாரண பால்கனி கேபினைப் போல இரண்டு மடங்கு. படுக்கைக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே கனமான திரை ஒன்று, இழுத்து மூடினால் இரண்டு அறை மாதிரி. அம்மா ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவார், நாங்கள் இந்தப் பக்கம் பன்னிரண்டு வரை சீட்டாடினோம். இந்தத் திரை ஒன்றுக்கே கொடுத்த பணம் தகும். அலமாரியில் மூன்று பேர் துணியையும் வைத்துவிட்டு இடம் மிஞ்சியது. பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன. சோபா கட்டில் மட்டும் நடுவில் ஒரு கம்பி முதுகைக் குத்தும். பணியாளரிடம் சொன்னதும் மேலே போட ஒரு மெத்தை விரிப்பு கொண்டுவந்தார், அப்புறம் பரவாயில்லை.

குளியலறைதான் ஏமாற்றம். பெரியது, இரண்டு வாஷ்பேசின், பளபள கல். ஆனால் ஷவர் குளியல் தொட்டிக்குள். தொட்டியின் விளிம்பு என் முழங்கால் உயரம். வாசலில் வேறு ஒரு படி. அம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் ஒருத்தர் கை கொடுக்க வேண்டியிருந்தது. நாங்கள் விட்டுவிட்டு வந்த சின்ன பால்கனி அறையில் தனி ஷவர்தான், காலை வைத்து உள்ளே போனால் போதும். அறை பெரிதாகப் பெரிதாகத் தொட்டி வந்து சேர்ந்துவிடுகிறது. வயதானவர்களோடு போகிறவர்கள் சதுர அடிக்கு முன் இதைக் கேட்க வேண்டும். ஏஜென்ட் கேட்டிருக்கலாம், முழங்கால் விஷயம் அவருக்குத் தெரியும். அரை மதிப்பெண் அங்கே போனது.

முன்பக்கம், உயரமான தளம் என்றால் ஆட்டம் கூட. கப்பலின் நடுவில், கீழ்த் தளத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாத அலை எங்களுக்குத் தெரிந்தது. மூன்றாம் நாள் ராத்திரி அலமாரிக்குள் மர ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதி டக், டக், டக். அக்கா எழுந்து இரண்டு இரண்டுக்கு நடுவே ஒரு கைத்துண்டைச் செருகினாள். நின்றது. ஐந்து நிமிடம் கழித்து மேஜை டிராயர் தானாகத் திறந்து தானாக மூடியது. அதற்கு என் காலுறையை மடித்து அடைத்தேன். காலையில் பணியாளர் எதையும் எடுக்கவில்லை, கைத்துண்டுகளை மட்டும் புதிதாக மாற்றி அதே இடங்களில் செருகி வைத்திருந்தார். அந்த மனிதருக்குத் தனியாக ஐந்துக்கு ஐந்து.

இப்போது நாற்காலி. விடியற்காலை ஐந்து மணிக்கு மேல் தளத்தைக் கழுவுவார்கள். கழுவ வேண்டுமென்றால் சாய்வு நாற்காலிகளை ஒரு பக்கமாக இழுக்க வேண்டும், கழுவிய பிறகு திரும்ப இழுத்து வரிசையில் போட வேண்டும். தலைக்கு நேர் மேலே கர்ர்ர் என்று நீளமாக ஒரு சத்தம், ஒரு நிறுத்தம், அடுத்தது. சுமார் நாற்பது. கிழக்கே போகும் பயணமாதலால் ஆறு இரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள், எனவே அந்த ஐந்து மணி உடம்புக்கு நேற்றைய நாலு. வரவேற்பு மேஜையில் சொன்னேன். மன்னிப்பும் காதடைப்பான் மூன்று ஜோடியும் கிடைத்தன. வேறு அறை இல்லை, கப்பல் நிறைந்துவிட்டது. கடைசி நேரத்தில் வாங்கினால் அறைக்குள் இடம் கிடைக்கும், அறை இருக்கும் இடம் நம் கையில் இல்லை.

மற்றபடி சில்லறை விஷயங்கள். சூட் என்றால் பல நிறுவனங்களில் தினசரி டிப்ஸும் தலைக்குக் கூடுதல், எங்களுக்கும் அப்படியே. விமான டிக்கெட் ஒரு கண்டத்துக்குப் போக, இன்னொரு கண்டத்திலிருந்து திரும்ப, அதுவும் மூன்று வாரம் முன்னால், மிச்சம் பிடித்ததில் பாதி அதில் போனது. விசா கைவசம் இல்லாதவர்கள் 26 நாள் கணக்கில் இறங்கவே வேண்டாம்.

காதடைப்பானை அக்காவும் நானும் போட்டுக்கொண்டோம். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். தினமும் மணியை மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்று கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டார். மேலே நாற்காலி இழுத்தால் ஐந்து மணி, எழுந்து பால்கனியில் போய் உட்கார்ந்துவிடுவார். விடிகிற வரை கடல் அவருக்கு மட்டும். இறங்கும் நாள் காலையில் மேலே யாரும் எதையும் இழுக்கவில்லை. எட்டு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். ஏழே கால் வரை மூன்று பேரும் தூங்கிவிட்டோம்.