பைபாஸ் முடிந்த கனத்த உடம்புக்கு: வாடகைக் கட்டிலா, சாய்வு சோபாவா?

எங்கள் பெரியம்மா 126 கிலோ. நெஞ்செலும்பைப் பிளந்து பைபாஸ் செய்து டிஸ்சார்ஜ் எழுதிய அன்று சாயங்காலம், மதுரை செல்லூர் வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. அண்ணன் கோரிப்பாளையத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலை வாடகைக்குப் பேசி வைத்திருந்தார். மதினியோ, தன் அம்மா வீட்டில் சும்மா கிடக்கும் சாய்வு சோபாவைக் கொண்டுவந்தால் போதுமே என்றார். கடைசியில் இரண்டுமே வந்தன. முதலில் சோபா, மூன்றாம் வாரத்திலிருந்து கட்டில். கூட இருந்து பார்த்துக்கொண்டவள் நான்.

எது மெத்தென்று இருக்கிறது என்று பார்க்காதீர்கள். கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். பிளந்த எலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பார்கள். அந்த எலும்பு ஒன்றுசேர 6 முதல் 8 வாரம் ஆகும், முழுப் பலம் வர 3 மாதம் வரைகூட ஆகலாம். இரண்டு கையையும் ஊன்றி எழும்போதெல்லாம் அந்த இரண்டு பாதியும் விலகப் பார்க்கும். பருமனான பெண்களுக்கு மார்பின் கனமும் தையலைப் பக்கவாட்டில் இழுக்கும். சர்க்கரையும் இருந்துவிட்டால் புண் ஆறுவது இன்னும் தாமதம்.

சோபாவுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு, மறுக்கவில்லை. மல்லாந்து படுத்தால் வயிற்றின் கனம் உதரவிதானத்தை மேலே தள்ளி, நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிவிடும், சளி தங்கும். சோபாவில் சாய்ந்தபடி பெரியம்மா முதல் வாரமே நன்றாகத் தூங்கினார். ஆனால் சாய்ப்பதற்கான கைப்பிடி பக்கவாட்டில் இருந்தது. ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, என்னை எழுப்ப மனசில்லாமல், அவரே அதை வெடுக்கென்று இழுத்துவிட்டார். வலியில் முகம் வெளுத்துப் போனது. மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டுக் கம்பி சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. (நெஞ்சில் 'டக் டக்' என்று எலும்பு அசைகிற சத்தம், காயத்தில் நீர்க்கசிவு, காய்ச்சல், இதில் எது வந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.) மோட்டார் வைத்த சோபாவில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கரண்ட் போனால் சாய்ந்த மேனிக்கே மாட்டிக்கொள்வார், இன்வெர்ட்டர் வேண்டும். அப்புறம் ரெக்சின். மதுரை வெயிலில் முதுகும் மடிப்புகளும் ஊறிப்போய், மார்புக்கு அடியில் தோல் சிவந்துவிட்டது. கழுவி, ஒற்றித் துடைத்து, மடிப்புக்கு நடுவே மல் துணி வைத்துத்தான் தேறியது. உட்காரும் இடமும் பள்ளம். காலைத் தொங்கவிட்டே இருந்ததில், பைபாஸுக்காக ரத்தக்குழாய் எடுத்த கால் வீங்கியது.

கட்டிலில் தலைப்பக்கத்தையும் முழங்கால் பக்கத்தையும் தனித்தனியாகத் தூக்கலாம். கால்மாட்டில் இரண்டு சுற்றும் கைப்பிடி இருக்கும். முதலில் முழங்கால், பிறகு தலை, 30-45 டிகிரி. இந்த வரிசையை மாற்றினால் உடம்பு கீழே சறுக்கும். சறுக்கியவரை அக்குளில் கை கொடுத்து இழுக்க எல்லோருமே ஓடி வருவார்கள். அதை மட்டும் செய்யவே கூடாது. பெரியப்பாவின் எட்டு முழ வேட்டியை நாலாக மடித்து இடுப்புக்கும் முதுகுக்கும் கீழே விரித்து வைத்தோம். தலைப்பக்கத்தை இறக்கிவிட்டு, ஆளுக்கொரு பக்கம் வேட்டியைப் பிடித்து மேலே நகர்த்துவோம். கட்டிலின் குறை அகலம். 3 அடியில் அவரால் புரண்டு படுக்க முடியவில்லை. எங்களுக்கு முதலில் கொடுத்த கட்டில் கிறீச்சிட்டுத் தாழ்ந்தது. "எத்தனை கிலோ தாங்கும்?" என்று நாங்கள் கேட்கவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. வீல்சேரும் அப்படித்தான், சாதாரணமானது 100 கிலோவுக்குத்தான். கம்மோடு நாற்காலி, ஏர்பெட் எதுவானாலும் எடையைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

என் ஓட்டு கட்டிலுக்கு. பகலுக்கு உயரமான, கெட்டியான மர நாற்காலி ஒன்று. தலையணையை நெஞ்சோடு அணைத்து, காலைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு முழங்காலைத் தாண்டும்வரை முன்னால் சாய்ந்து, மூன்று எண்ணி எழ வேண்டும். இருமும்போதும் அதே தலையணைதான். நெஞ்சுப் பெல்ட் வாங்கினோம், இந்த உடம்புக்கு மேலே ஏறிக் கழுத்தில் நின்றது. முன்பக்கம் கொக்கி வைத்து அளவுக்குத் தைத்த உள்ளாடைதான் கைகொடுத்தது.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துக் கருவியா, பலூனா என்று பக்கத்து வீட்டில் ஒரு சர்ச்சை. இதில் போட்டியே இல்லை. பலூன் மூச்சை வெளியே தள்ளுவது, சுருங்கிய நுரையீரல் விரிய உள்ளே இழுக்க வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு 10 முறை, நிதானமாக இழுத்து 3 விநாடி பிடித்து விட வேண்டும். வெடுக்கென்று இழுத்து மூன்று பந்தையும் தூக்குவது சாதனை இல்லை.

குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறவராக இருந்தால், ஆக்சிஜன் சிலிண்டரை நீங்களாகவே வாடகைக்கு எடுக்காதீர்கள். அடைபடும் தொண்டையை அது திறக்காது. சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு கூடிவிடும். தூங்கும்போது காற்றை அழுத்தி அனுப்பும் மாஸ்க் (CPAP) ஏற்கெனவே பழகியவர் என்றால் அதைத்தான் தொடர வேண்டும். தூக்கம் தரும் வலி மாத்திரை பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

ஹோம் நர்சா, சொந்தக்காரர்களா? ஏஜென்சிக்காரரிடம் எடையைச் சொல்லாமல் விட்டோம். 45 கிலோ இருக்கும் ஒரு பெண்ணைத் தனியாக அனுப்பினார்கள். பெரியம்மாவை நிமிர்த்தப் போய் மூன்றாம் நாள் அந்தப் பிள்ளைக்கே முதுகு பிடித்துக்கொண்டது. அதன் பிறகு மருந்து, சர்க்கரை, காயம் எல்லாம் நர்ஸ் பொறுப்பு. எழுப்பி உட்கார வைக்கிற நேரத்துக்கு மட்டும் அண்ணனும் மதினியும் வேட்டிக்கு இரண்டு பக்கம் வந்து நிற்பார்கள்.